பாதிச் செடிகளுக்கு ஒரு சான்றிதழ்: குதிரை மசால் ரகப் பட்டியலை வாசித்தல்

அமெரிக்காவில் தேசிய அல்ஃபால்ஃபா மற்றும் தீவனக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் ஒரு சிறு கையேடு போடுகிறது. சந்தையில் விற்கும் அல்ஃபால்ஃபா ரகங்களின் பட்டியல். இடப்பக்கம் ரகத்தின் பெயர். வலப்பக்கம் நீளமாகக் கட்டங்கள்: எந்த நோய், எந்த நூற்புழு, எந்த அசுவினி. ஒவ்வொரு கட்டத்திலும் ஓரிரு எழுத்துகள். எச்.ஆர்., ஆர்., எம்.ஆர்., எல்.ஆர்., எஸ். அவ்வளவுதான். நம்மூரில் குதிரை மசால் என்று சொல்லும் அதே பயிர்தான் அல்ஃபால்ஃபா. மாட்டுத் தீவனப் பயிர்களில் உலகம் முழுக்க முதல் வரிசையில் இருப்பது.

இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து விமர்சனம் எழுதுவார்களா என்று கேட்கலாம். எனக்கென்னவோ இது விமர்சிக்கப்படவேண்டிய பிரதி என்றுதான் படுகிறது. ஒரு நாவலை நம்பி யாரும் விதை வாங்குவதில்லை. இந்தக் கட்டங்களை நம்பி வாங்குகிறார்கள். ஒருமுறை விதைத்தால் நான்கைந்து வருடம் நிலத்தில் நிற்கும் பயிர் இது. தப்பான ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது.

முதல் எழுத்திலிருந்தே தொடங்குவோம். எச்.ஆர். என்றால் 'மிகு எதிர்ப்பு'. 'புள்ளி அசுவினிக்கு மிகு எதிர்ப்பு' என்று பார்த்தவுடன் நமக்கு என்ன தோன்றும்? இந்த ரகத்தை அசுவினி அண்டாது, அண்டினாலும் ஒன்றும் ஆகாது என்று தோன்றும். வரையறை வேறு. சோதனையில் 50 விழுக்காட்டுக்கு மேற்பட்ட செடிகள் எதிர்ப்புத்திறன் காட்டினால் அந்த ரகம் எச்.ஆர். 31 முதல் 50 வரை என்றால் வெறும் 'எதிர்ப்பு'. 15 முதல் 30 வரை 'மித எதிர்ப்பு'. 6 முதல் 14 வரை 'குறை எதிர்ப்பு'. அதற்கும் கீழே போனால் 'எளிதில் பாதிக்கப்படுவது'.

அதாவது நூறு செடியில் 51 தப்பித்தால் மிகு எதிர்ப்பு. மிச்சம் 49 செடி? அவை பாதிக்கப்படுபவை. 35 செடி தப்பித்து 65 செடி வீழ்ந்தாலும் பட்டியல் அதை 'எதிர்ப்பு ரகம்' என்றே சொல்லும்.

முதன்முதலாக இதைப் படிக்கிறவர்களுக்கு, "அட, இது ஏமாத்து வேலையால்ல இருக்கு!" என்றுதான் தோன்றும். ஏமாற்று இல்லை. இந்த அளவுகோலுக்கு ஒரு நேர்மையான காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் எல்லாக் கட்டங்களுக்கும் ஒரேபோலப் பொருந்துவதில்லை. என் குறை அங்கேதான். அதற்குமுன் காரணத்தைப் பார்த்துவிடலாம்.

ரகம் என்றால் என்ன?

நெல்லில் ஒரு ரகம் என்றால் ஒரே மாதிரியான செடிகள். நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஒரு செடியின் குணம் அதன் பிள்ளைக்கும் பேரனுக்கும் அப்படியே போகும். குதிரை மசால் அப்படிக் கிடையாது. அதன் பூவுக்குள் மகரந்தத் தண்டு விறைப்பாக மடக்கி வைத்த வில் மாதிரி இருக்கும். தேனீ வந்து உட்கார்ந்து அழுத்தும்போது அது சட்டென்று தெறித்துத் தேனீயின் தலையில் அடிக்கும். அந்த அடியில் ஒட்டிய மகரந்தம் அடுத்த செடிக்குப் போகும். (சாதாரணத் தேனீக்கள் இந்த அடியை விரும்பாமல் பக்கவாட்டில் இருந்து தேனை உறிஞ்சக் கற்றுக்கொண்டுவிடும். அதனால் விதை உற்பத்திக்காகவே இலைவெட்டித் தேனீக்களையும் உவர்நிலத் தேனீக்களையும் வளர்க்கிறார்கள். அது தனிக்கதை.)

ஆக, ஒவ்வொரு விதைக்கும் தாய் வேறு, தகப்பன் வேறு. ஒரு வயலில் எந்த இரண்டு செடியும் ஒன்றுபோல் இருக்காது. சரி, கட்டாயப்படுத்தித் தன்மகரந்தச் சேர்க்கை செய்து ஒரே மாதிரி ஆக்கினால் என்ன? செய்யலாம். இரண்டு மூன்று தலைமுறையில் வீரியம் போய்ச் செடி நோஞ்சானாகிவிடும். அதனால் பயிர்ப்பெருக்க அறிஞர்கள் வேறு வழி பிடித்தார்கள். நல்ல செடிகள் சிலவற்றையோ பலவற்றையோ தேர்ந்தெடுத்து, அவற்றை ஒன்றோடொன்று கலக்கவிட்டு, வரும் விதையைப் பெருக்கி ஒரு பெயர் வைப்பது. இதைச் 'சிந்தெடிக் ரகம்' என்பார்கள். சொந்தபந்தங்கள் நிறைந்த ஒரு ஊர் மாதிரி. முகச்சாயல் இருக்கும், அச்சு ஒன்றாக இருக்காது.

இன்னொரு சிக்கல். நமக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி. குதிரை மசாலுக்கு நான்கு பிரதி. மொத்தம் 32 குரோமோசோம்கள், நான்கு நான்காக. இதில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதிர்ப்பைத் தருவது ஒரே ஒரு ஓங்கிய மரபணு என்று வைத்துக்கொள்வோம். நான்கில் ஒரு பிரதி இருந்தாலே செடி தப்பிக்கும். (உண்மையில் பல மரபணுக்கள் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. கணக்குக்காக இந்த எளிமை.) அந்த ஊரில் அந்த மரபணுவின் பங்கு 16 விழுக்காடு இருந்தாலே போதும், செடிகளில் பாதி எதிர்ப்புச் செடிகளாகிவிடும். ஏனென்றால் நான்கு பிரதியும் ஒருசேர வெறுமையாக இருப்பதற்கான வாய்ப்பு 0.84-ஐ நான்குமுறை பெருக்கினால் வருவது. அது ஏறத்தாழ 0.5.

அதே ரகத்தை 95 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால்? மரபணுவின் பங்கு சுமார் 53 விழுக்காடாக வேண்டும். மூன்று மடங்குக்கும் மேல். அதற்குச் சுற்றுச் சுற்றாகத் தேர்வு செய்யவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பெற்றோர்ச் செடிகளைக் குறைத்துக்கொண்டே போனால் உறவுக்குள் உறவு கலந்து விளைச்சல் இறங்கும். 'எல்லாச் செடியும் எதிர்ப்பு' என்பது கைக்கெட்டாத ஒன்றில்லை, விலை அதிகம். இதனால்தான் அளவுகோலின் உச்சியைப் பாதியில் வைத்தார்கள். இந்தப் பயிரின் உடம்புக்கு ஏற்ற கோல் அது.

1954: தற்செயலாக வந்த தற்காப்பு

பட்டியலில் 'எஸ்.ஏ.ஏ.' என்ற தலைப்பில் இருக்கும் கட்டம் புள்ளி அசுவினிக்கு உரியது. அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1954-இல் நியூ மெக்சிகோவில் இந்த அசுவினியைக் கண்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது. அதே ஆண்டில் தெற்கு கலிபோர்னியாவுக்கும் போய்விட்டது. ஆணில்லாமலே பெண் பெண்ணாகப் பெற்றுத்தள்ளும் பூச்சி. சாற்றை உறிஞ்சுவது மட்டுமில்லை, அதன் எச்சிலே செடிக்கு நஞ்சு. நாற்றுகள் கூண்டோடு சாகும். வளர்ந்த செடிகளின் மீது பிசுபிசுவென்று தேன்கழிவு படிந்து, அறுத்த தீவனமும் வீணாகும்.

விவசாயிகள் பாரத்தியானும் மாலத்தியானும் அடித்தார்கள். அசுவினி செத்தது. அதைத் தின்னும் பொறிவண்டுகளும் செத்தன. மிஞ்சிய அசுவினி வேகமாகப் பெருகியது. சீக்கிரமே மருந்துக்கும் பழகிக்கொண்டது.

இந்த நேரத்தில் நெவாடாவில் இருந்து ஒரு ரகம் கைகொடுத்தது. பெயர் லஹோன்டன். ஓ.எஃப். ஸ்மித் என்ற ஆய்வாளர் உருவாக்கியது. ஐந்தே ஐந்து பெற்றோர்ச் செடிகள். வெளியிட்ட ஆண்டு 1954. கவனியுங்கள், அசுவினி வந்த அதே ஆண்டு. அப்படியென்றால் அசுவினிக்காக உருவாக்கியதாக இருக்க முடியாது. அதை உருவாக்கியது தண்டு நூற்புழுவையும் பாக்டீரியா வாடல் நோயையும் தாங்குவதற்காக. துருக்கிஸ்தான் வழிவந்த பழைய விதையில் இருந்து பொறுக்கிய செடிகள். அசுவினி வந்து மற்ற வயல்கள் கருகியபோதுதான் லஹோன்டன் நிற்பது தெரிந்தது. யாரும் கேட்காமலே அந்தச் செடிகளுக்குள் எதிர்ப்பு இருந்திருக்கிறது.

அடுத்து வந்தது மோவாபா, 1957-இல். இது திட்டமிட்டுச் செய்தது. 'ஆப்பிரிக்கன்' என்ற ரகத்தின் செடிகளில் அசுவினிக்குத் தப்பியவற்றைப் பொறுக்கி, மறுபடி அசுவினியை விட்டுச் சோதித்து, கடைசியில் ஒன்பது செடிகளைப் பெற்றோராக வைத்து உருவாக்கினார்கள். பூச்சி நுழைந்து மூன்றே வருடத்தில் ஒரு எதிர்ப்பு ரகம் கையில் இருந்தது.

கலிபோர்னியாவில் இதே அசுவினியை எதிர்கொண்ட அனுபவத்தில் இருந்துதான் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் என்ற நால்வரும் 1959-இல் 'ஒருங்கிணைந்த கட்டுப்பாடு' என்ற கருத்தை முன்வைத்துப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார்கள். எந்த எண்ணிக்கையைத் தாண்டினால் மருந்து அடிப்பது லாபம் என்று பார்க்கும் 'பொருளாதாரச் சேதநிலை' என்ற சொல் இன்று நம் வேளாண் கல்லூரிப் பாடத்திலும் இருக்கிறதே, அது வேரூன்றியது அந்தக் கட்டுரையில்தான். ஒட்டுண்ணிக் குளவிகள், பொறிவண்டுகள், தேவைப்பட்டால் மட்டும் குறைந்த அளவு மருந்து, இவற்றோடு எதிர்ப்பு ரகங்களும் சேர்ந்து அந்தப் பூச்சியை அடக்கின.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மோவாபா வெளிவந்த சில ஆண்டுகளிலேயே, அதன் பெற்றோர்ச் செடிகளில் சிலவற்றின் மீது சுகமாக வாழும் புது வகை அசுவினிகள் தென்பட்டன. இவற்றைப் பயோடைப் என்பார்கள். பார்க்க அதே பூச்சி, சாப்பாட்டுத் திறமை மட்டும் வேறு. எத்தனையோ பயோடைப்புகளுக்கு எழுத்து எழுத்தாகப் பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். ஆனாலும் மோவாபா ஒரேயடியாகச் சரிந்துவிடவில்லை. ஒன்பது பெற்றோரில் சிலரை வென்ற பூச்சியால் மற்றவர்களை வெல்ல முடியவில்லை.

அதனால் கலப்பு என்பது இந்தப் பயிரின் பலவீனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 49 செடி சாகிற அதே கலப்புதான் 51 செடியை ஒரே பூச்சிவகைக்குப் பலியாகாமல் காப்பாற்றுகிறது. பட்டியலைக் குறை சொல்லும் யாரும் முதலில் இதை ஒத்துக்கொண்டுதான் ஆகவேண்டும்.

நீல அட்டை எதற்குச் சான்று?

பட்டியல் ஒரு பக்கம். விதை மூட்டையில் தைத்திருக்கும் அட்டை இன்னொரு பக்கம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் பெரிய குழப்பம்.

விதைச் சான்றளிப்பின் ஏணி நம்மவர்களுக்கும் தெரிந்ததே. வல்லுநர் விதை, அதில் இருந்து ஆதார விதை, அதில் இருந்து சான்று விதை. அமெரிக்காவில் நடுவில் 'பதிவு விதை' என்று ஒரு படி கூடுதலாக உண்டு. அங்கேயும் ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. சான்றளிப்பு ஆய்வாளர் என்ன பார்ப்பார்? எந்த விதையில் இருந்து விதைத்தது, பக்கத்து வயலில் இருந்து போதுமான தூரம் இருக்கிறதா, முன்பு அந்த நிலத்தில் என்ன இருந்தது, களை இருக்கிறதா, எத்தனையாவது தலைமுறை. பிறகு ஆய்வகத்தில் சுத்தமும் முளைப்புத்திறனும். அசுவினியைக் கொண்டுவந்து விட்டு யாரும் பார்ப்பதில்லை. எல்லா விதைக்குவியலுக்கும் அப்படிச் செய்வது நடக்கிற காரியமும் இல்லை.

ஆக, நீல அட்டை வம்சத்துக்குச் சான்று. இந்த விதை இன்னாருடைய பிள்ளை என்கிறது, அவ்வளவுதான். அந்த வம்சம் பூச்சியைத் தாங்குமா என்பது வேறொரு காகிதத்தில் இருக்கிறது. ரகத்தை உருவாக்கியவர் தம் சோதனைத் தரவுகளைத் தேசிய அல்ஃபால்ஃபா ரக மதிப்பாய்வுக் குழுவிடம் கொடுப்பார். குழு அந்தத் தரவு போதுமா, முறைப்படி செய்தாரா என்று பார்க்கும். குழு தானாகச் சோதனை செய்வதில்லை. சோதனை முறைகளை வட அமெரிக்க அல்ஃபால்ஃபா மேம்பாட்டு மாநாடு வகுத்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு பூச்சிக்கும் எத்தனை நாள் நாற்று, எப்படிப் பூச்சியை விடுவது, ஒப்பிடுவதற்கு எந்தெந்த ரகங்களைப் பக்கத்தில் விதைப்பது என்று.

வம்சச் சான்றைக் குறைத்துச் சொல்லவில்லை. தலைமுறைக் கட்டுப்பாடு ஏன் வந்தது தெரியுமா? வடக்கின் குளிரைத் தாங்கும் ரகங்களுக்கு விதை எடுக்கக் கலிபோர்னியாவின் வெயில்தான் வசதி. ஆனால் அங்கேயே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினால் வெயிலை விரும்பும் செடிகள் அதிக விதை கொடுத்து, கூட்டத்தின் குணம் மெல்லத் தெற்குப்பக்கம் சாய்ந்துவிடும். பெயர் அதே, மூட்டை அதே, உள்ளே இருப்பது வேறு. ஒரு ஊரின் குணம் மாறுவது போலத்தான். இந்த நகர்வைத் தடுக்கத்தான் தலைமுறை வரம்பு.

ஒரே கோடு, இரண்டு வேறு பூச்சி

இப்போது என் முதல் குறைக்கு வருகிறேன்.

பாதிச் செடி போதும் என்று சொல்ல ஒரு வலுவான வாதம் உண்டு. விதைக்கும்போது ஏக்கருக்குச் சுமார் 15 பவுண்டு விதைப்பார்கள். ஒரு பவுண்டு என்றால் சதுர அடிக்குக் கிட்டத்தட்ட ஐந்து விதை. அப்படியானால் சதுர அடிக்கு 75 விதை. அதில் பாதிக்கு மேல் முளைக்காமலோ முளைத்தவுடனோ போய்விடும். 30 நாற்று நிற்கிறது என்று வையுங்கள். வளர்ந்து முற்றிய வயலுக்குச் சதுர அடிக்கு ஐந்து செடி இருந்தால் போதும். முப்பதில் பாதி, அதாவது 15 நாற்று எதிர்ப்புச் செடி என்றால் தேவையைவிட மூன்று மடங்கு கையில் இருக்கிறது. புள்ளி அசுவினியோ வேரழுகல் நோயோ வந்து பலவீனமான நாற்றுகளைக் கொன்றுவிட்டால், எப்படியும் நெருக்கத்தில் சாகவேண்டிய செடிகள்தான் போயின. மிஞ்சுவது எதிர்ப்பு வயல். பூச்சியே நமக்காகக் களையெடுத்துவிடுகிறது.

அழகான வாதம். ஆனால் இது செடியைக் *கொல்லும்* பூச்சிக்கு மட்டும்தான் செல்லும்.

உருளைக்கிழங்குத் தத்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கிழக்கிலும் நடுமேற்கிலும் குதிரை மசாலுக்கு இதுதான் பெரிய எதிரி. வளைகுடாக் கரையோரம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஒவ்வொரு வசந்தத்திலும் காற்றோடு வடக்கே வரும். கடித்த இலையின் நுனி 'வி' வடிவில் மஞ்சளாகும், செடி குட்டையாகும், புரதம் குறையும். ஆனால் வளர்ந்த செடி பெரும்பாலும் சாகாது. அப்படியே நிற்கும், குள்ளமாக, மஞ்சளாக. அடுத்த அறுப்பிலும் நிற்கும். பலவீனமான செடியை விலக்கும் வேலையை இந்தப் பூச்சி செய்வதில்லை. இங்கே 51 விழுக்காடு என்றால் வயலின் மறுபாதி நான்கைந்து வருடமும் பாதிக்கப்பட்டபடியே நிற்கும்.

இதற்கு எதிர்ப்பைத் தேடிய கதையும் சுவையானது. குதிரை மசாலின் காட்டு உறவினச் செடிகள் சிலவற்றின் தண்டிலும் இலையிலும் பசையூறும் சுரப்பி மயிர்கள் இருக்கும். கான்சாஸ் ஆய்வாளர்கள் இந்தக் குணத்தைப் பயிருக்குள் கொண்டுவரப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 1997-இல் சுரப்பி மயிர் ரகங்கள் விற்பனைக்கு வந்தன. வந்த வேகத்தில் ஒரு ஏமாற்றம். முதல் தலைமுறை ரகங்கள் தத்துப்பூச்சி இல்லாத ஆண்டுகளில் சாதாரண ரகங்களைவிடக் குறைவாக விளைந்தன. விதைத்த முதல் ஆண்டில் எதிர்ப்பும் சரியாக வெளிப்படவில்லை. பின்னால் வந்த தலைமுறைகளில் எதிர்ப்புச் செடிகளின் பங்கும் விளைச்சலும் ஏறின.

இதில் ஒஹையோ பல்கலைக்கழகத்தார் விவசாயிகளுக்குக் கொடுத்த வழிகாட்டல் எனக்கு ரொம்பப் பிடித்தது. பூச்சி வலையைப் பத்துமுறை வீசுங்கள். சிக்கிய தத்துப்பூச்சிகளின் எண்ணிக்கை செடியின் உயரத்தை அங்குலத்தில் எட்டினால் மருந்தடிக்க யோசியுங்கள். எட்டு அங்குலச் செடிக்கு எட்டுப் பூச்சி. எதிர்ப்பு ரகமாக இருந்தால் மூன்று மடங்கு வரை பொறுக்கலாம், அதாவது 24 பூச்சி. ஆனால் முதல் ஆண்டு வயலில் எதிர்ப்பு ரகத்தையும் சாதாரண ரகமாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று வரியில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். எதிர்ப்பு என்றால் மருந்தே வேண்டாம் என்று அர்த்தமில்லை, *எவ்வளவு* பொறுக்கலாம் என்பதுதான் கேள்வி. அது செடியின் வயதைப் பொறுத்தது. எண்ணிப் பார்க்காமல் தீர்மானிக்க முடியாது. வயலில் நிற்கிறவனுக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. 'எச்.ஆர்.' என்ற இரண்டெழுத்தில் இது எதுவும் இல்லை.

எழுத்து சொல்லாமல் விடுவது

இரண்டாவது குறை, சோதனையின் சூழல். நாற்றுகளைத் தட்டுகளில் முளைக்கவைத்து, கதகதப்பான பசுமைக்குடிலில் அசுவினியை விட்டு, யார் மிஞ்சுகிறார்கள் என்று எண்ணுவது சோதனை. புள்ளி அசுவினியைத் தாங்கும் செடிகளில் பலவற்றின் எதிர்ப்பு குளிரில் தளர்ந்துவிடுகிறது என்பது மோவாபா காலத்து ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். பசுமைக்குடிலில் 60 விழுக்காடு வாங்கிய ரகம் குளிர்ந்த வசந்தத்தில் அதே 60-ஐக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. எந்தப் பயோடைப்பை வைத்துச் சோதித்தார்கள், எந்த ஆண்டில் சோதித்தார்கள் என்பதும் பட்டியலில் இல்லை. பூச்சி மாறிக்கொண்டே இருக்கிறது. எழுத்து மட்டும் அச்சடித்தபடியே நிற்கிறது.

மூன்றாவது, எழுத்தின் முரட்டுத்தனம். 50 விழுக்காடு ரகமும் 51 விழுக்காடு ரகமும் வேறு வேறு எழுத்து வாங்குகின்றன. சோதனைப் பிழையைக் கணக்கில் எடுத்தால் இரண்டும் ஒன்றுதான். அதேநேரம் 51-உம் 95-உம் ஒரே எழுத்து வாங்குகின்றன. மேலே போட்ட கணக்கை நினைவில் வையுங்கள். அவற்றுக்கு இடையே மரபணுவின் பங்கில் மூன்று மடங்கு வித்தியாசம், ஆண்டுக்கணக்கான தேர்வு உழைப்பு. இந்த அளவுகோல் 15-க்கும் 50-க்கும் நடுவில்தான் கூர்மையாக இருக்கிறது. எச்.ஆர். எட்டுவதே அபூர்வமாக இருந்த காலத்துக்கு அது சரி. பட்டியலில் எச்.ஆர். வரிசை வரிசையாக நிற்கும் இன்று, வாங்குகிறவருக்கு வித்தியாசம் தேவைப்படும் இடத்தில் கோல் மழுங்கிக் கிடக்கிறது. பாதிக்கு மேல் ஏறினாலும் பட்டியலில் கூடுதல் மதிப்பெண் கிடையாது என்றால், உழைத்து ஏற்றுவதற்கு என்ன ஊக்கம் இருக்கும்?

நான்காவது, எதிர்ப்பின் *வகை*. கான்சாஸின் ரெஜினால்ட் பெயின்டர் 1951-இலேயே செடியின் எதிர்ப்பை மூன்றாகப் பிரித்தார். பூச்சி அந்தச் செடியை விரும்பாமல் போவது. தின்ற பூச்சி நலிவது. பூச்சி தின்றாலும் செடி தாங்கிக்கொள்வது. மூன்றுக்கும் விளைவு வேறு. தாங்கிக்கொள்ளும் செடியின் மீது பூச்சி பெருகி அடுத்த வயலுக்குப் போகும். பூச்சியை நலியவைக்கும் செடி பக்கத்து வயலையும் காப்பாற்றும், ஆனால் புதுப் பயோடைப்பு உருவாக அழுத்தமும் கொடுக்கும். பட்டியலுக்கு எல்லாம் ஒரே எண்ணிக்கைதான்.

நியாயமாகச் சொன்னால்

இவ்வளவு குறை சொன்னபிறகும் இந்தப் பட்டியலைத் தூக்கியெறியச் சொல்ல மாட்டேன். போட்டி நிறுவனங்கள் எல்லாம் ஒரே சோதனை முறையை, ஒரே ஒப்பீட்டு ரகங்களை, ஒரே வரையறையை ஏற்றுக்கொண்டு நிற்பது சாதாரண விஷயமில்லை. 'அதிக எதிர்ப்பு', 'அபார எதிர்ப்பு' என்று ஆளாளுக்கு விளம்பரம் போடாமல், பாதியைத் தாண்டினால்தான் இந்தச் சொல் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். வரையறை ஒளித்துவைக்கப்படவும் இல்லை.

பட்டியல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். 1977-இல் புள்ளி அசுவினி அங்கே நுழைந்தபோது, நாட்டின் லூசர்ன் நிலத்தில் பெரும்பகுதி 'ஹன்டர் ரிவர்' என்ற ஒரே பழைய ரகம். எதிர்ப்பு ஏதும் இல்லை. வயல்கள் மளமளவென்று காலியாயின. அப்போது கைகொடுத்தவை அமெரிக்காவில் ஏற்கெனவே சோதித்து வைத்திருந்த ரகங்கள், குறிப்பாகக் கலிபோர்னியாவின் சி.யூ.எஃப். 101. எந்த ரகம் எந்த அசுவினியைத் தாங்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால்தான் எதை இறக்குமதி செய்வது என்று உடனே முடிவெடுக்க முடிந்தது. அந்தக் கட்டங்களுக்கு அப்படியொரு மதிப்பு உண்டு.

நான் கேட்பது பெரிய மாற்றமில்லை. எழுத்துக்குப் பக்கத்தில் விழுக்காட்டை அச்சிடலாம். தரவு எப்படியும் மதிப்பாய்வுக் குழுவிடம் இருக்கிறது. சோதித்த ஆண்டைப் போடலாம். செடியைக் கொல்லும் பூச்சிக்கும் குட்டையாக்கும் பூச்சிக்கும் தனித்தனிக் கோடு வைக்கலாம். கையேட்டின் முதல் பக்கத்தில், யாருக்கும் புரியும்படி, "எச்.ஆர். என்றால் பாதிச் செடிக்கு மேல் தாங்கும், எல்லாச் செடியும் தாங்கும் என்று பொருளில்லை" என்று பெரிய எழுத்தில் ஒரு வரி போடலாம்.

இந்த ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு பேச்சு? 'மிகு எதிர்ப்பு' என்பதை நம்பி வலை வீசாமல் விட்டவர், வயல் மஞ்சளானதும் விதை நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று நினைப்பார். அடுத்தமுறை எதிர்ப்பு ரகத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க மாட்டார். பழையபடி நாட்காட்டியைப் பார்த்து மருந்தடிக்கப் போவார். அந்த மருந்து பொறிவண்டையும் ஒட்டுண்ணிக் குளவியையும் சேர்த்துக் கொல்லும். பூத்த வயலுக்குக் காற்றில் போனால் தேனீக்களையும் கொல்லும். தேனீ இல்லாமல் இந்தப் பயிரில் ஒரு விதைகூட ஒழுங்காகக் கட்டாது என்பதை மேலே பார்த்தோம். அடுத்த எதிர்ப்பு ரகத்தின் விதையும் அந்தத் தேனீயின் தலையில் விழும் அடியில் இருந்துதான் வரவேண்டும்.

லஹோன்டனும் மோவாபாவும் 1950-களில் நிலைமையைக் காப்பாற்றியபோது அவை தனியாக நின்று காப்பாற்றவில்லை. பாதிச் செடி தாங்கியது, பொறிவண்டு கொஞ்சம் தின்றது, குளவி கொஞ்சம் கொன்றது, விவசாயி எண்ணிப் பார்த்துவிட்டு மருந்தைத் தள்ளிப்போட்டார். நான்கும் சேர்ந்துதான் கணக்கு நேரானது. பட்டியலில் இருக்கும் எழுத்து அந்த நான்கில் ஒன்றைத்தான் சொல்கிறது. மிச்சம் மூன்றும் வயலில் இருக்கின்றன.